இரண்டு டாக்டர்கள், ஒரே பாங்குக் கணக்கு
அமெரிக்காவின் மேயோ சகோதரர்கள் வாழ்க்கை

அண்ணன், தம்பி இருவர். இருவரும் டாக்டர்கள். இருவருக்கும் கல்யாணமாகி, பிள்ளை குட்டிகள் உண்டு. ஆனால் பாங்கில் இருவருக்கும் ஒரே கணக்குதான்.

அண்ணனுக்குத் தேவையானால் அண்ணன் எடுப்பார். தம்பிக்குத் தேவையானால் தம்பி எடுப்பார். நீ எவ்வளவு எடுத்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

இது ஏதோ கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தின் கதை அல்ல. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் சம்பாதித்த டாக்டர்களின் கதை. வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ என்ற அந்தச் சகோதரர்கள் வளர்த்த "மேயோ கிளினிக்" இன்றும் உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரியாக விளங்குகிறது.

அது இருக்கும் இடம் நியூயார்க் அல்ல, சிகாகோவும் அல்ல. மத்திய மேற்குப் பகுதியில், மின்னசோட்டா மாநிலத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ரோசெஸ்டர் என்ற ஊர். மேயோ குடும்பம் அங்கே குடியேறியபோது அது ஒரு சின்னச் சந்தை ஊர்.

அந்த ஊருக்கு உலகமே தேடி வந்தது எப்படி?

பிழைப்புத் தேடி வந்த தந்தை

தந்தையின் பெயர் வில்லியம் வொரால் மேயோ. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் 1819-ம் ஆண்டு பிறந்தவர். ரசாயனம் படித்தவர். 1840-களில் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்தார்.

வந்த இடத்தில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். பிறகு இண்டியானா மாநிலத்துக்குப் போய், பிழைப்புக்காகத் தையல் கடை வைத்தார். அதற்குப் பிறகுதான் வைத்தியம் படித்து, 1850-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறு ஆண்டு லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார்.

இண்டியானாவில் மலேரியா அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஆண்டுக்கு ஆண்டு குளிர் ஜுரம். இந்த ஊரே வேண்டாம் என்று 1854-ல் வடக்கே மின்னசோட்டாவுக்குக் கிளம்பிவிட்டார்.

புது நாட்டில் வைத்தியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. விவசாயம் பார்த்தார். ஆற்றில் படகு விட்டார். பத்திரிகை கூட நடத்திப் பார்த்தார். லூயிஸ் அம்மையார் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துச் சம்பாதித்தார். கணவர் இல்லாத நேரத்தில் நோயாளிகள் வந்தால், அவரே பார்த்து வைத்தியம் சொல்லுவார். இரவில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்ப்பதும் அந்த அம்மையாரின் வழக்கம்.

1861-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லெ சூயர் என்ற ஊரில் மூத்த மகன் வில்லியம் பிறந்தார். வீட்டில் அவருக்கு "வில்" என்று பெயர்.

ஒரு பழைய கடன்

அடுத்த ஆண்டு அந்தப் பகுதியில் பெரிய சண்டை மூண்டது.

மின்னசோட்டா மண்ணின் பூர்வ குடிகள் டக்கோட்டா மக்கள். அவர்களுடைய நிலத்தை வாங்கிக்கொண்ட அரசாங்கம், பேசியபடி பணத்தைக் காலத்தில் கொடுக்கவில்லை. பசியும் ஆத்திரமும் சேர்ந்து 1862-ல் போராக வெடித்தது. நியூ உல்ம் என்ற ஊரில் காயம் அடைந்த குடியேறிகளுக்கு டாக்டர் மேயோ சிகிச்சை செய்தார். லூயிஸ் அம்மையார் தம் வீட்டில் அகதிகளுக்கு இடம் கொடுத்தார்.

போர் முடிந்ததும், 1862 டிசம்பர் 26-ந் தேதி மங்கேட்டோ என்ற ஊரில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கில் போட்டார்கள். அமெரிக்க சரித்திரத்தில் ஒரே நாளில் அத்தனை பேரைத் தூக்கிலிட்டது அதுவே அதிகம். உடல்களை ஆற்றங்கரை மணலில் புதைத்தார்கள். அன்று இரவே டாக்டர்கள் சிலர் போய்த் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் உடற்கூறு படிக்கப் பிணம் கிடைப்பது அரிது.

டாக்டர் மேயோவுக்கும் ஓர் உடல் கிடைத்தது. அது மார்பியா ஒகினாஜின் என்பவருடையது. மேகத்தில் நிற்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அவருடைய எலும்புக் கூட்டை டாக்டர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் தம் பிள்ளைகளுக்கு எலும்புப் பாடம் சொல்லிக் கொடுத்தது அதை வைத்துத்தான்.

பிறருக்கு உயிர் கொடுத்த ஒரு குடும்பத்தின் படிப்பு, அடக்கம் மறுக்கப்பட்ட ஒரு மனிதனின் எலும்பில் தொடங்கியது. யாரும் அவருடைய குடும்பத்தாரைக் கேட்கவில்லை. இந்தக் கணக்கு தீர 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

சோதா பெட்டி மேல் ஏறி நின்ற சிறுவன்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் ரோசெஸ்டரில் இருந்தது. அங்கே வருபவர்களின் உடலைப் பரிசோதிக்கும் வேலை டாக்டர் மேயோவுக்கு 1863-ல் கிடைத்தது. மறு ஆண்டு குடும்பத்தையும் அங்கே கொண்டுவந்தார். 1865 ஜூலை 19-ந் தேதி இளைய மகன் சார்லஸ் பிறந்தார். வீட்டில் அவர் "சார்லி".

பிள்ளைகளுக்கு வீடே வைத்தியக் கல்லூரி. அப்பா குதிரை வண்டியில் நோயாளி வீட்டுக்குப் போனால் கூடவே போவார்கள். மருந்து அரைப்பார்கள். கட்டுப் போடுவார்கள்.

ஒரு நாள் ஆபரேஷன் நடக்கும்போது, மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரே மயங்கி விழுந்துவிட்டாராம். பக்கத்தில் நின்ற சார்லி, உயரம் எட்டாததால் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மயக்க மருந்தைக் கொடுத்து முடித்தார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லுவார்கள்.

நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று வேண்டும் என்று தந்தைக்கு ஆசை. விலை 600 டாலர். கையில் பணம் இல்லை. வீட்டை அடமானம் வைக்க வேண்டும். மனைவியிடம் கேட்டார். நோயாளிகளுக்கு நல்லது என்றால் வைத்துவிடலாம் என்று லூயிஸ் அம்மையார் சம்மதித்தார். அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் மகன்கள் இருவரும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் உலகத்தை முதலில் பார்த்தது அந்த மைக்ராஸ்கோப்பில்தான்.

வில் 1883-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சார்லி 1888-ல் சிகாகோவில் பட்டம் பெற்றார். இருவரும் வேறு ஊருக்குப் போகவில்லை. அப்பாவிடமே திரும்பி வந்தார்கள். ஊரார் தந்தையைப் "பெரிய டாக்டர்" என்றும், மகன்களை "டாக்டர் வில்", "டாக்டர் சார்லி" என்றும் அழைத்தார்கள்.

சூறாவளி கட்டிய ஆஸ்பத்திரி

1883 ஆகஸ்டு 21-ந் தேதி. சகோதரர்கள் இருவரும் வண்டி கட்டிக்கொண்டு கசாப்புக் கூடத்துக்குப் போனார்கள். ஆட்டுத் தலை வாங்கிவந்து, அதன் கண்ணில் ஆபரேஷன் பழக வேண்டும் என்பது எண்ணம்.

திடீரென்று வானம் கறுத்தது. சூறாவளி வந்துவிட்டது. வண்டியை விரட்டிக்கொண்டு இருவரும் மயிரிழையில் தப்பினார்கள். ஊரின் வடபகுதி தரைமட்டமாயிற்று. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம் பட்டவர்கள் ஏராளம்.

அவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. நடன மண்டபம் ஒன்றில் கட்டில் போட்டார்கள். கவனிக்க நர்ஸ் கிடையாது. பள்ளிக்கூடம் நடத்திவந்த பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகளைப் பெரிய டாக்டர் உதவிக்கு அழைத்தார்.

புயலுக்குப் பிறகு அந்தக் கன்னியர் மடத்தின் தலைவி மதர் ஆல்பிரட், டாக்டரிடம் வந்து ஒரு யோசனை சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரி கட்டுகிறோம். நீங்கள் பொறுப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

டாக்டர் தயங்கினார். ஊர் சிறியது, செலவு பெரியது. 40 ஆயிரம் டாலராவது வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். அதோடு, ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம் என்று ஜனங்கள் பயந்த காலம் அது.

மதர் ஆல்பிரட் விடவில்லை. கன்னியாஸ்திரீகள் பாட்டும் தையலும் சொல்லிக் கொடுத்தும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியும் பணம் சேர்த்தார்கள். 1889 செப்டம்பர் 30-ந் தேதி 27 படுக்கைகளுடன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி திறந்தது. பெரிய டாக்டருக்கு அப்போது 70 வயது.

டாக்டர் மேயோ கத்தோலிக்கர் அல்ல. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று ஊரில் பிரசாரம் செய்தவர்களும் உண்டு. ஆனால் எந்த மதத்தினர், எந்த இனத்தவர் வந்தாலும் படுக்கை உண்டு என்று இரு தரப்பும் ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, பிரசாரம் தானாக அடங்கியது.

பெண்களின் பங்கு

மேயோ சகோதரர்களின் புகழில் பாதி, கூட நின்ற பெண்களுக்கு உரியது.

சிஸ்டர் மேரி ஜோசப் 1892-ல் ஆஸ்பத்திரித் தலைவி ஆனார். கடைசி வரை, 47 ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். டாக்டர் வில்லுக்கு ஆபரேஷன் மேஜையில் முதல் உதவியாளரும் அவர்தான். வயிற்றுக்குள் புற்றுநோய் பரவியிருந்தால் தொப்புளில் ஒரு கட்டி தட்டுப்படுவதை அவர் கவனித்துச் சொன்னார். இன்றும் வைத்தியப் புத்தகங்களில் அந்தக் கட்டிக்கு சிஸ்டர் மேரி ஜோசப்பின் பெயர்தான்.

எடித் கிரகாம் என்ற பெண், ரோசெஸ்டரில் முதன்முதலாகப் பயிற்சி பெற்று வந்த நர்ஸ். கன்னியாஸ்திரீகளுக்கு நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்தார். மயக்க மருந்தும் கொடுத்தார். 1893-ல் டாக்டர் சார்லி அவரையே மணந்தார். அவருக்குப் பிறகு மயக்க மருந்து வேலையை ஏற்ற ஆலிஸ் மகாவ், 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களில் மயக்கத்தால் ஒரு சாவு கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் வயிறு, தம்பி கழுத்து

டாக்டர் வில் வயிற்று ஆபரேஷனில் சூரர். குடல்வால், பித்தப்பைக் கல், இரைப்பைப் புண் எல்லாம் அவர் பங்கு. டாக்டர் சார்லி கண், எலும்பு, கழுத்துக் கழலை. அந்தப் பகுதி மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு. அதனால் அந்தக் காலத்தில் கழுத்துக் கழலை அங்கே அதிகம்.

குணத்திலும் இருவரும் வேறு. அண்ணன் கண்டிப்பானவர், முடிவு எடுப்பவர். தம்பி சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். மேடையில் பேசினாலும், கட்டுரை எழுதினாலும், எதைச் சாதித்தாலும், தானும் தம்பியும் செய்தோம் என்றே அண்ணன் சொல்லுவார். தம்பியும் அப்படியே.

இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் ஊரில் நோயாளிகளைக் கவனிக்க, மற்றவர் ரயில் ஏறி வேறு நகரங்களுக்குப் போய்ப் பெரிய டாக்டர்கள் ஆபரேஷன் செய்வதைப் பார்த்துவருவார். திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார். பிறகு அடுத்தவர் போவார். சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. பெரிய டாக்டர்கள் ரயில் ஏறி ரோசெஸ்டருக்கு வர ஆரம்பித்தார்கள்!

டாக்டர் வில் 1906-லும், டாக்டர் சார்லி 1917-லும் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் தலைவர்களாக இருந்தார்கள்.

ஒரு நோயாளி, ஒரு பைல்

வேலை பெருகியதும் பல துறை டாக்டர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்தார்கள். ஒரு நோயாளியைப் பல டாக்டர்கள் சேர்ந்து பார்த்து, கலந்து பேசி முடிவு சொல்லும் முறை அங்கே வேரூன்றியது.

1905-ல் லூயிஸ் வில்சன் என்ற டாக்டர் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். நோயாளி மேஜை மேல் இருக்கும்போதே கட்டியில் சிறு துண்டு எடுத்து, அதை உறைய வைத்துச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சில நிமிஷத்தில் புற்றுநோயா இல்லையா என்று சொல்லிவிடலாம். முதலில் உறைய வைக்க மெஷின் தேவைப்படவில்லை. மின்னசோட்டா குளிரில் ஜன்னலுக்கு வெளியே வைத்தாலே போதும்!

குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஹென்றி பிளம்மர் என்ற டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-ல் சேர்ந்தவர் அவர்.

அதுவரை ஒவ்வொரு டாக்டரும் தனித்தனிப் பேரேட்டில் எழுதி வந்தார்கள். ஒரே நோயாளியின் விவரம் நான்கு பேரேட்டில் நான்கு இடத்தில் இருக்கும். தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பைல் கிடைக்காமல் அலைவது என்றால் என்ன என்று ஆபீசில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பிளம்மர் 1907-ல் எல்லாவற்றையும் மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஒரு நம்பர். அவரைப் பற்றிய எல்லாக் காகிதமும் ஒரே பைலில். எந்த டாக்டர் பார்த்தாலும் அந்தப் பைல் அங்கே போய்விடும். 20 ஆண்டு கழித்து அதே ஆள் வந்தாலும் அதே நம்பர், அதே பைல். கட்டிடம் கட்டும்போதே பைல்கள் மாடிக்கு மாடி ஓட வழி வைத்தார். காற்றழுத்தக் குழாய் போட்டார். இன்று உலகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடைமுறையில் உள்ள முறைக்கு அது முன்னோடி. கத்தி பிடிக்காமல், காகிதத்தை ஒழுங்காக அடுக்கியும் உயிரைக் காப்பாற்றலாம் என்று காட்டியவர் பிளம்மர்.

பணம் யாருடையது?

ஏழைகளிடம் பணம் கேட்பதில்லை. இருப்பவர்களிடம் வசதிக்குத் தகுந்தபடி வாங்குவது. பீஸ் பாக்கிக்காக யார் மேலும் கோர்ட்டுக்குப் போவதில்லை. இது சகோதரர்கள் வைத்திருந்த வழக்கம்.

அப்படியும் பணம் குவிந்தது. இருவருக்கும் அது உறுத்தியது. நோயாளிகளிடம் இருந்து வந்த பணம் நோயாளிகளுக்கே போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

1915-ல் 15 லட்சம் டாலரை ஒதுக்கி, டாக்டர்களின் மேல்படிப்புக்காக மின்னசோட்டா பல்கலைக் கழகத்துடன் ஏற்பாடு செய்தார்கள். நல்லது செய்தால் பொல்லாப்பு வராமல் இருக்குமா? பல்கலைக் கழகத்தையே விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள், பெயர் வாங்க ஆசைப்படுகிறார்கள் என்று டாக்டர்களில் ஒரு சாராரே எதிர்த்தார்கள். 1917-ல் அதைத் தடுக்க மாநில சட்டசபையில் மசோதா வந்தது. டாக்டர் வில் நேரில் போய்ப் பேசினார். இந்தப் பணம் எங்களுடையது அல்ல, ஜனங்களுடையது. அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். மசோதா நிறைவேறவில்லை.

1919-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிளினிக்கின் சொத்து முழுவதையும், தங்கள் சேமிப்பில் பெரும் பகுதியையும், ஒரு பொது அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அங்கே யாருக்கும் லாபத்தில் பங்கு கிடையாது. எல்லா டாக்டர்களும் சம்பளக்காரர்கள். சகோதரர்களும் அப்படியே! எத்தனை ஆபரேஷன் செய்தாலும் சம்பளம் ஒன்றுதான். ஆகவே தேவை இல்லாத ஆபரேஷன் செய்ய யாருக்கும் ஆசை எழாது.

வீட்டுத் துயரங்கள்

ஊரார் உயிரைக் காத்தவர்களால் தங்கள் வீட்டில் எமனைத் தடுக்க முடியவில்லை.

டாக்டர் வில்லுக்கும் மனைவி ஹாட்டிக்கும் 5 குழந்தைகள். 3 குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. 2 பெண்கள் மிஞ்சினார்கள். இருவரும் டாக்டர்களையே மணந்தார்கள். டாக்டர் சார்லிக்கு 8 குழந்தைகள். அதில் 2 சிறு வயதில் இறந்தன.

பெரிய டாக்டர் 90 வயதிலும் சும்மா இருக்கவில்லை. வீணாகும் பொருள்களில் இருந்து சாராயம் எடுக்க மெஷின் வைத்துச் சோதனை செய்தார். அந்த மெஷினில் கை நசுங்கியது. கையை எடுக்க நேர்ந்தது. 1911 மார்ச் மாதம் 91-வது வயதில் காலமானார்.

டாக்டர் சார்லியின் மகன்களில் இருவர் டாக்டர்கள் ஆனார்கள். அவர்களில் இளையவரான ஜோசப் 1936-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் லெவல் கிராசிங்கில் கார் மீது ரயில் மோதி இறந்தார். ரயில் ஏறி ஆயிரம் ஆயிரம் பேர் உயிர் பிழைக்க வந்த அந்தக் குடும்பத்தில், ரயிலே ஒரு பிள்ளையைக் கொண்டுபோயிற்று. மூத்த மகன் சார்லஸ் வில்லியம் கிளினிக்கில் புகழ் பெற்ற சர்ஜனாக விளங்கி, 1968-ல் கார் விபத்தில் இறந்தார்.

1939

டாக்டர் வில் 1928-ல், கை நடுங்கும் முன்பே, தாமாகக் கத்தியைக் கீழே வைத்தார். அதன் பிறகு கொஞ்ச காலத்தில் டாக்டர் சார்லிக்கு ஆபரேஷன் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அவரும் நிறுத்திக்கொண்டார். 1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரோசெஸ்டருக்கே வந்து இருவரையும் கௌரவித்தார்.

1939-ம் ஆண்டு மார்ச் மாதம் சிஸ்டர் மேரி ஜோசப் கண் மூடினார். அப்போது டாக்டர் வில்லுக்கே உடம்பு சரியில்லை. பரிசோதித்துப் பார்த்தால் இரைப்பையில் புற்றுநோய். ஆயிரக்கணக்கானவர்களுக்கு எந்த நோய்க்கு ஆபரேஷன் செய்தாரோ, அதே நோய் அவருக்கு!

ஏப்ரல் மாதம் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அண்ணன் தேறி வருவதற்குள் தம்பி முந்திக்கொண்டார். மே 26-ந் தேதி சிகாகோவில் நிமோனியா ஜுரத்தால் டாக்டர் சார்லி காலமானார். 2 மாதம் கழித்து, ஜூலை 28-ந் தேதி, டாக்டர் வில்லும் போய்விட்டார். பாங்குக் கணக்கைப் பிரிக்காத சகோதரர்களை மரணமும் அதிக நாள் பிரித்து வைக்கவில்லை.

கடன் தீர்ந்ததா?

அவர்கள் விட்டுப்போன கிளினிக் வளர்ந்தது. 1950-ல் அங்கே வேலை பார்த்த கெண்டால், ஹென்ச் இருவருக்கும், சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ரைக்ஸ்டைனுக்கும் கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது. 1964-ல் அமெரிக்க அரசாங்கம் சகோதரர்களின் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

முதலில் சொன்ன பழைய கடனுக்கு வருவோம். மார்பியா ஒகினாஜின் எலும்புகளை 1990-களில்தான் அவருடைய மக்களிடம் அடக்கம் செய்யத் திருப்பிக் கொடுத்தார்கள். 2018-ல் கிளினிக்கின் பிரதிநிதி நெப்ராஸ்காவில் உள்ள சாண்டி டக்கோட்டா மக்களிடம் போய், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் பெயரால், வைத்தியம் படிக்க விரும்பும் பூர்வ குடி மாணவர்களுக்கு உதவித் தொகையும் ஏற்படுத்தினார்கள்.

156 ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு அது. தாமதம்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றை மறைத்தால் அது கள்ளக் கணக்கு. மேயோ சகோதரர்களின் பெருமையைச் சொல்லுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஊரை விட்டு வந்து சம்பாதித்து, மணியார்டர் அனுப்பி, அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை என்றதும் முகம் கொடுத்துப் பேசாமல் போகும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். கோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரை ஒரே கணக்கில் வாழ்ந்து, பிறகு அந்தக் கணக்கையும் ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போன இரண்டு பேர் இருந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.